அப்பாவின் பழைய தமிழ்க் கோப்புகளை அழிக்காதீர்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். உங்கள் அப்பா 1996 முதல் ஊரில் டிடிபி கடை, அதாவது கணினியில் எழுத்தை அடித்துப் பக்கம் அமைத்துத் தரும் கடை, வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், பள்ளி ஆண்டு மலர், உள்ளூர்க் கவிஞர்களின் புத்தகங்கள் எல்லாம் அங்கேதான் அடித்திருக்கிறார்கள். இப்போது கடையை மூடியாகிவிட்டது. ஒரு பழைய கணினியும் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய சிடிகளும் மிச்சம். அதிலுள்ள கோப்புகளை உங்கள் லேப்டாப்பில் திறந்தால் ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாகக் கிறுக்கல்தான் தெரிகிறது. கடைத்தெருவில் விசாரித்தால் "ஃபைல் கரப்ட் ஆகிவிட்டது, புதிதாக அடித்துக்கொள்ளுங்கள்" என்று பக்கத்துக்கு ஒரு தொகை சொல்கிறார்கள். என்ன செய்யலாம் என்பது கேள்வி.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கோப்பு கெட்டுப்போகவில்லை. அப்பா அடித்த ஒவ்வொரு எழுத்தும் அதற்குள் அப்படியே இருக்கிறது. தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள், மறுபடி அடிக்கவும் யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். நானும் டிடிபி வேலையில் பல வருடம் இருந்தவன். இதே காரணத்துக்காக நல்ல நல்ல கோப்புகளைக் குப்பையில் போட்டதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

என்ன நடந்திருக்கிறது என்று புரிந்துகொண்டால் மீட்பது எளிது. அந்தக் காலத்துக் கணினிக்குத் தமிழ் தெரியாது. ஒரு எழுத்துக்கு ஒரு எண், மொத்தம் 256 எண்கள், அதில் முதல் பாதி ஆங்கிலத்துக்கே போய்விடும். நம்மிடமோ 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று 247. கூடவே ஜ, ஷ, ஸ, ஹ வேறு. அதனால் ஃபாண்ட், அதாவது எழுத்துரு, செய்தவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆங்கில எழுத்துகளின் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்துவிட்டார்கள். கணினியைப் பொறுத்தவரை நீங்கள் அடித்தது ஆங்கிலம்தான், திரையிலும் தாளிலும் தெரிவது மட்டும் தமிழ்.

உதாரணத்துக்கு பாமினி ஃபாண்டை எடுத்துக்கொள்வோம், இலங்கையிலும் புலம்பெயர்ந்த தமிழர்களிடமும் மிக அதிகமாகப் புழங்கியது. அதில் "தமிழ்" என்று வர ஐந்து விசைகளைத் தட்ட வேண்டும்: ஜே, கே, பி, ஓ, கடைசியாக அரைப்புள்ளி. ஜே தட்டினால் த, கே தட்டினால் ம, பி தட்டினால் இகரக் கொக்கி, ஓ தட்டினால் ழ, அரைப்புள்ளிக்கு மேல்புள்ளி. கோப்பில் பதிவாகியிருப்பது அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். பாமினி உள்ள கணினியில் திறந்தால் தமிழ், இல்லாத கணினியில் திறந்தால் ஜே கே பி ஓ. உங்கள் லேப்டாப்பில் அந்த ஃபாண்ட் இல்லை, விஷயம் அவ்வளவுதான்.

இந்த விசை வரிசையும் ஏதோ மனம்போன போக்கில் வைத்தது இல்லை. பழைய தமிழ்த் தட்டச்சுப்பொறியில் இடதுகை விரல்கள் படுத்திருக்கும் இடத்தில் ய, ள, ன, க, ப என்று இருக்கும். பாமினியிலும் ஏ, எஸ், டி, எஃப், ஜி விசைகளில் அதே ய, ள, ன, க, ப. டைப்ரைட்டிங் வகுப்பில் படித்து வந்தவர்கள் அப்படியே கணினிக்கு மாற முடிந்தது இதனால்தான். உங்கள் அப்பாவும் அந்த வழியில் வந்தவராகத்தான் இருப்பார் என்று நினைக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், ஒவ்வொரு நிறுவனமும் எந்த எண்ணில் எந்த எழுத்து என்பதைத் தன் விருப்பப்படி வைத்துக்கொண்டது. ஒரு ஃபாண்டில் அடித்ததை இன்னொரு ஃபாண்டுக்கு மாற்றினால் திரை முழுக்கக் குப்பை. இதைச் சரிசெய்ய முயற்சிகள் நடக்காமல் இல்லை. இணையத்தில் இருந்த தமிழ் ஆர்வலர்கள் 90களின் பிற்பாதியில் மின்னஞ்சலிலேயே பேசிப் பேசித் திஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உருவாக்கினார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடந்து, அதையொட்டித் தமிழக அரசு டேப், டேம் என்ற இரண்டு குறியீடுகளையும் தமிழ் 99 விசைப்பலகையையும் தரமாக அறிவித்தது. உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான குறியீடான யூனிகோடு இதற்கெல்லாம் முன்பே, 1991லேயே, இந்திய அரசின் இஸ்கி தரத்தை ஒட்டித் தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கிவிட்டது. ஆனால் அதைத் திரையில் சரியாகக் காட்டும் வசதி விண்டோஸ் 2000ல் லதா ஃபாண்டோடுதான் வந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில்கூடக் கண்ட்ரோல் பேனலுக்குள் போய் ஒரு பெட்டியில் டிக் போட்டு, விண்டோஸ் சிடியைச் செருகினால்தான் கொம்பு சரியான இடத்தில் உட்காரும். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது 2010 ஜூனில், கோவை செம்மொழி மாநாட்டுச் சமயத்தில். ஆக உங்கள் அப்பா கடை நடத்திய வருடங்களில் முக்கால்வாசி இந்த ஃபாண்ட் குழப்பத்துக்குள்தான் ஓடியிருக்கிறது. அவர்மேல் ஒரு தவறும் இல்லை, அன்றைக்கு அச்சடிக்க வேறு வழியே கிடையாது.

சரி, வேலைக்கு வருவோம்.

எதையும் மாற்றுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் நகலெடுங்கள். சிடியில் எழுதும் சாயம் காலப்போக்கில் கெடும், அதிலும் மலிவான சிடிகள் சீக்கிரம் போகும். இன்றைக்குப் படிக்கிற சிடி அடுத்த வருடம் படிக்கும் என்று நம்ப முடியாது. ஒரு கணினியின் டிரைவில் படிக்காத சிடி இன்னொன்றில் படிப்பதும் உண்டு, ஆகவே ஒருமுறை தோற்றதும் தூக்கி எறியாதீர்கள். ஃப்ளாப்பி இருந்தால் யூஎஸ்பியில் செருகும் ஃப்ளாப்பி டிரைவ் கிடைக்கிறது, ஒவ்வொன்றிலும் 1.44 எம்பிதான் இருக்கும், ஆனால் ஒரு முழுப் புத்தகத்தின் எழுத்து அதற்குள் அடங்கிவிடும். எல்லாவற்றையும் ஒரு வெளி ஹார்ட் டிஸ்கில் போட்டு, அதை இன்னொன்றிலும் நகலெடுத்து, மூலத்தில் கைவைக்காமல் நகலில் மட்டும் வேலை செய்யுங்கள்.

அப்புறம், பெரும்பாலானோர் கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. பழைய கணினியின் விண்டோஸ் கோப்புறைக்குள் ஃபாண்ட்ஸ் என்றொரு கோப்புறை இருக்கும். அதை முழுசாக நகலெடுங்கள். கோப்பு இருந்து ஃபாண்ட் இல்லாவிட்டால் பூட்டு இருக்கிறது, சாவி இல்லை என்ற கதை. அந்த ஃபாண்ட் கோப்பை லேப்டாப்பில் நிறுவியதும் பல வேர்டு கோப்புகள் அப்போதே தமிழாகத் தெரிய ஆரம்பிக்கும். அப்பா அதைப் பார்த்தால் அவருக்குச் சந்தோஷமாக இருக்கும், ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். உள்ளே இருப்பது இன்னும் ஆங்கிலக் குறிகள்தான்.

பழைய கணினியின் பின்புறத்தில் சின்னதாக ஏதாவது ஒரு கட்டை செருகியிருக்கிறதா என்றும் பாருங்கள். சில தமிழ் மென்பொருள்கள் அந்தப் பூட்டுக் கட்டை இல்லாமல் ஓடாது. டாங்கிள் என்பார்கள். வேண்டாத சாமான் என்று கழற்றிப் போட்டுவிட்டால் மென்பொருளே திறக்காது.

அடுத்தது, எந்த ஃபாண்ட் என்று கண்டுபிடிப்பது. வேர்டு கோப்பாக இருந்தால் கிறுக்கல்மேல் கர்சரை வைத்தாலே மேலே ஃபாண்ட் பெயர் தெரியும், உங்கள் கணினியில் அந்த ஃபாண்ட் இல்லாவிட்டாலும் பெயர் மட்டும் காட்டும். வெறும் எழுத்துக் கோப்பாக இருந்தால் கிறுக்கலின் முகத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். நான் செய்வது இதுதான்: கோப்பில் "தமிழ்" என்ற சொல் எங்கே வரும் என்று ஊகித்து அந்த இடத்தைப் பார்ப்பேன். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று இருந்தால் பாமினி வகை. ஜே-யில் தொடங்கி, தலையில் இரண்டு புள்ளி வைத்த ஏ வந்து, ஓ-வும் ஈ-யும் ஒட்டிக்கொண்ட ஓர் எழுத்தில் முடிந்தால் வானவில் வகை. தமிழக அரசு அலுவலகங்களில் வெகுகாலம் ஓடியது இதுதான், பழைய அரசாணை பிடிஎஃப்களிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் இந்த உருவம்தான் வரும். முக்கால் என்ற பின்னக் குறியில் தொடங்கினால் திஸ்கி. மேலே தொப்பி வைத்த ஐ-யில் தொடங்கினால் டேப் அல்லது டேம். கொஞ்சம் பழகிவிட்டால் கோப்பைத் திறந்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

மாற்றுவதற்கான கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. எனக்குப் பிடித்தது என்எச்எம் கன்வெர்ட்டர், பாமினி, திஸ்கி, டேப், டேம், வானவில் எல்லாம் அதில் உண்டு. இணைய இணைப்பு இல்லாமலே கணினியில் ஓடும். சுரதா என்பவர் செய்த மாற்றியை ஈழத்தமிழர்கள் நிறையப் பேர் பயன்படுத்தியிருக்கிறார்கள். பைத்தான் என்ற நிரல்மொழி தெரிந்த பிள்ளை யாராவது வீட்டில் இருந்தால் ஓப்பன் தமிழ் என்ற நிரல் தொகுப்பு இருக்கிறது, நூற்றுக்கணக்கான கோப்புகளை ஒரே மூச்சில் மாற்ற அதுதான் வசதி. ஒரு விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள்: டிடிபி கடைக் கோப்புகளில் அடுத்தவர் வீட்டு உயில், பத்திர நகல், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் கிடக்கும். அதைக் கண்ட கண்ட இணையதளத்தில் ஏற்றி மாற்றாதீர்கள். உங்கள் கணினிக்குள்ளேயே ஓடும் கருவியில் மாற்றுங்கள்.

மாற்றியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். பிழை வரும் இடங்கள் சில இருக்கின்றன, எல்லாருக்கும் ஒரே இடங்களில்தான் வரும், அதனால் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது ஔகாரம். பெரும்பாலான பழைய ஃபாண்டுகளில் ஔகாரத்துக்கென்று தனிக் குறி கிடையாது. கொம்பு, எழுத்து, பிறகு ள என்று அடித்துவிடுவோம், பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் மாற்றி பாவம் என்ன செய்யும்? "கௌரவம்" என்பதில் கொம்பு, க, ள. "வெள்ளம்" என்பதிலும் கொம்பு, வ, ள. இரண்டும் அதற்கு ஒன்றேதான். அதனால் ஒன்று "கெளரவம்" என்று ள போட்டு வரும், இல்லாவிட்டால் "வெளி" எல்லாம் "வௌி" என்றும் "வெள்ளம்" எல்லாம் "வௌ்ளம்" என்றும் உடைந்து வரும். இணையத்தில் பழைய கட்டுரைகளைப் படிக்கும்போது "வௌியீடு" என்று பார்த்திருப்பீர்களே, அது இப்படி வந்ததுதான். சரிசெய்ய ஒரு சுலபமான விதி இருக்கிறது: அந்த ள-வுக்குப் பின்னால் புள்ளியோ கொக்கியோ வேறு உயிர்க்குறியோ வந்தால் அது ளகரம், வெறும் எழுத்து அடுத்து வந்தால் பெரும்பாலும் ஔகாரம். கௌரவம், மௌனம், பௌர்ணமி, சௌகரியம், வௌவால் என்று கையால் எண்ணிவிடக்கூடிய அளவு சொற்கள்தான், தேடி மாற்றிவிடலாம். "ஔவையார்" என்பது "ஒளவையார்" என்று இரண்டு எழுத்தாக உடைந்து நிற்கும், அதையும் பாருங்கள். படிக்கும்போது வித்தியாசம் தெரியாது, தேடும்போதுதான் கிடைக்காமல் போகும்.

இரண்டாவது கொம்பு. பழைய ஃபாண்டில் நாம் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் அடித்தோம்: "பெயர்" என்றால் முதலில் கொம்பு, பிறகு ப. யூனிகோடில் ஒலிக்கிற வரிசை: முதலில் ப, பிறகு எகரக் குறி, திரையில் காட்டும்போது கணினியே அதை முன்னால் கொண்டுபோய் வைக்கும். நல்ல மாற்றிகள் இதைத் தாமாகவே திருப்பிவிடும். ஆனால் அப்பா காலத்தில் வரி நிறைந்து, கொம்பு ஒரு வரியின் கடைசியிலும் எழுத்து அடுத்த வரியிலுமாகப் பிரிந்த இடங்களில் மாற்றி தடுமாறும். மாற்றிய கோப்பில் ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாகக் கொம்பு நிற்பதைப் பார்த்தால் அங்கே இதுதான் நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

மூன்றாவது, நடுவில் வரும் ஆங்கிலம். இது பாமினி, வானவில் கோப்புகளில்தான். ஒரு முகவரியில் ரோடு என்ற சொல்லை ஆங்கிலத்தில் வேறு ஃபாண்டில் அடித்திருப்பார்கள். கோப்பு முழுவதையும் நகலெடுத்து மாற்றியில் போட்டால் அதுவும் பாமினி என்று நினைத்து "சுழயன" என்று மாற்றிக் கொடுக்கும். முதல்முறை ஒரு கோயில் மலருக்காக நன்கொடையாளர் பட்டியலை மாற்றியபோது இந்தச் "சுழயன" பக்கத்துக்குப் பத்து இடத்தில் வந்தது. ஏதோ ஊர்ப்பெயர் என்று நினைத்து அரைமணி நேரம் அதைத் தேடிக்கொண்டிருந்தேன். இப்போது செய்வது இதுதான்: வேர்டிலேயே தேடி மாற்றும் பெட்டியைத் திறந்து, சொல்லைத் தேடாமல் ஃபாண்டைத் தேடச் சொல்லி, ஆங்கில ஃபாண்டில் உள்ள எழுத்துகள் எல்லாவற்றுக்கும் மஞ்சள் நிறம் பூசிவிட்டு, அதை ஒரு பிடிஎஃப் ஆக்கி வைத்துக்கொள்வேன். மாற்றிய பிறகு மஞ்சள் இருந்த இடங்களை மட்டும் பார்த்துத் திரும்ப அடித்தால் போதும். நிரல் எழுதத் தெரிந்தவர் கூட இருந்தால் இன்னும் நல்லது, வேர்டின் டாக்ஸ் (.docx) கோப்பில் ஒவ்வொரு துண்டுக்கும் என்ன ஃபாண்ட் என்று உள்ளேயே எழுதியிருக்கும், பாமினி துண்டை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே என்று நிரலுக்குச் சொல்லிவிடலாம். திஸ்கியிலும் டேபிலும் இந்தத் தொல்லை கிடையாது, அவற்றில் ஆங்கிலம் தன் இடத்திலேயே இருக்கும்.

நான்காவது, வேர்டு தானாகச் செய்த மாற்றம். வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக மாற்றும் பழக்கம் வேர்டுக்கு உண்டு. ஆங்கிலத்துக்கு அது வசதி. பாமினியில் சின்ன எஃப் என்றால் க, பெரிய எஃப் என்றால் கு. அதனால் பத்தியின் தொடக்கத்தில் "கடவுள்" என்று அடித்தால் "குடவுள்" ஆகிவிடும், "தமிழ்" "துமிழ்" ஆகிவிடும். அந்தக் காலத்தில் டிடிபிக்காரர்கள் புதுக் கணினி வாங்கியதும் முதல் வேலையாக அந்த வசதியை நிறுத்தி வைப்பார்கள். நிறுத்தாத கணினியில் அடித்த கோப்பில் பத்தித் தொடக்கங்களை மட்டும் ஓர் ஓட்டம் பார்த்துவிடுங்கள். காற்புள்ளியையும் பாருங்கள், பாமினியில் காற்புள்ளி விசையில் இ உட்கார்ந்திருக்கும், உண்மையான காற்புள்ளி வேறு விசையில் இருக்கும். மாற்றிய பின் காற்புள்ளி வரவேண்டிய இடத்தில் கோணக்குறி நின்றால் மொத்தமாகத் தேடி மாற்றிவிடலாம்.

"ஸ்ரீ" ஒரு தனிக் கதை. பார்க்க ஒன்றாகவே இருந்தாலும் அதை யூனிகோடில் ஸ-வில் தொடங்கியும் எழுதலாம், 2005ல் சேர்க்கப்பட்ட ஶ-வில் தொடங்கியும் எழுதலாம். கல்யாணப் பத்திரிகைகளில் இது இல்லாத பக்கமே இருக்காது. எல்லாவற்றையும் ஒரே முறைக்குக் கொண்டுவந்துவிட்டால் பிறகு பெயரைத் தேடும்போது விடுபடாது.

வேர்டு கோப்புகள் இவ்வளவுதான். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகள் கொஞ்சம் பாடு. பழைய கணினி இன்னும் ஓடுகிறது என்றால் அதிலேயே பேஜ்மேக்கரைத் திறந்து ஒவ்வொரு எழுத்துத் தொகுதியாக வெளியே எடுப்பது நல்லது. கணினி போய்விட்டது என்றால் அதற்குப் பின்னால் வந்த இன்டிசைன் என்ற மென்பொருளின் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் பேஜ்மேக்கர் 6, 7 கோப்புகளைத் திறக்கும், அதற்குப் பிந்தைய பதிப்புகள் திறக்காது. தெரிந்த அச்சகம் எதிலாவது சிஎஸ்6 இன்னும் இருக்கும், கேட்டுப் பாருங்கள். கோரல் டிரா என்ற வரைகலை மென்பொருளில் செய்த அட்டைகளில் எழுத்தைக் கோடுகளாக மாற்றிவிட்டிருந்தால் அதில் எழுத்தே இல்லை, படம்தான் இருக்கிறது. அதற்கும், அச்சிட்ட தாள் மட்டுமே மிஞ்சியதற்கும், எந்த மாற்றிக்கும் அடங்காத ஃபாண்டுக்கும் ஒரே வழி ஓசிஆர், அதாவது படத்தில் உள்ள எழுத்தைக் கணினியே படித்தெடுக்கும் முறை. பக்கத்தைப் பிடிஎஃப் ஆகவோ படமாகவோ ஆக்கி கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறக்கச் சொன்னால் எழுத்தாக மாற்றிக் கொடுக்கும். ஆச்சரியப்படும் அளவுக்கு நன்றாகவே படிக்கிறது. கணினிக்குள்ளேயே வேண்டுமென்றால் டெசராக்ட் இருக்கிறது, இலவசம். ர-வுக்கும் காலுக்கும், ஒ-வுக்கும் ஓ-வுக்கும் குழம்பும், ஒருமுறை மெய்ப்புப் பார்த்தே ஆகவேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அச்சான தாள் என்றால் பழைய ணை, லை, னா, றா வடிவங்களில் இன்னும் அதிகமாகத் தடுக்கும்.

இவ்வளவு பாடு எதற்கு, ஃபாண்டை நிறுவி அப்படியே படித்துக்கொள்ளலாமே என்று நண்பர்கள் கேட்பார்கள். வேண்டாம். பழைய வடிவத்தில் உள்ள கோப்பைத் தேட முடியாது, கைபேசியில் படிக்க முடியாது, வாட்ஸப்பில் ஒருவருக்கு அனுப்ப முடியாது. எக்செல்லில் உள்ள வாடிக்கையாளர் பட்டியலை அகர வரிசைப்படுத்தினால் ஆங்கில எழுத்து வரிசையில் அடுக்கும், பாமினியில் க எஃப் விசையில், அ எம் விசையில், ஆகவே கண்ணன் முன்னால் வந்து அருணாசலம் பின்னால் போவார். இவற்றை எல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பார்வையற்றவர்கள் கணினியில் என்விடிஏ போன்ற திரைவாசிப்பான் வைத்துத்தான் படிக்கிறார்கள், அது யூனிகோடு தமிழை உரக்கப் படித்துக் காட்டும். பழைய ஃபாண்டில் உள்ள கவிதையை அதனிடம் கொடுத்தால் ஜே கே பி ஓ என்றுதான் படிக்கும். ஒரு பார்வையற்ற ஆசிரியர் தன் தாத்தாவின் பாடல் தொகுப்பை இப்படிக் கேட்க முயன்று முடியாமல் என்னிடம் அனுப்பினார். மாற்றிக் கொடுத்த மறுநாள் தொலைபேசியில் அழைத்து இரண்டு பாடலை முழுக்கச் சொல்லிக் காட்டினார். ஒரு ராத்திரி வேலைதான் அது.

இதைப் பெரிய அளவில் செய்து காட்டியவர்களும் இருக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் இருக்கும் கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் உலகம் முழுவதுமிருந்து தன்னார்வலர்கள் சங்க இலக்கியம் முதல் பாரதி வரை அடித்துச் சேர்த்தார்கள். ஆரம்ப காலத்தில் எல்லாம் திஸ்கியில்தான் இருந்தது. யூனிகோடு பரவியதும் அவற்றை மாற்றினார்கள், புதிதாக உட்கார்ந்து அடிக்கவில்லை. இன்றைக்கு நாம் கூகுளில் ஒரு பழம்பாட்டின் வரியை இட்டால் சட்டென்று வந்து விழுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இன்னொன்று கேட்டிருந்தீர்கள், அப்பா மறுபடி ஏதாவது அடிக்க ஆசைப்படுகிறார், ஆனால் புது முறையில் அடிக்கக் கை வரவில்லை என்கிறார் என்று. அவர் எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருள்கள் இரண்டிலுமே பழைய தட்டச்சு விசை வரிசை உண்டு. விரல்கள் பழகிய இடத்திலேயே தட்டுவார், கோப்பில் மட்டும் யூனிகோடு பதிவாகும். இது தெரியாமல் எத்தனையோ மூத்த டிடிபிக்காரர்கள் தொழிலையே விட்டுவிட்டார்கள், எனக்கு அதில் ரொம்ப வருத்தம். நீங்கள் புதிதாகக் கற்பதாக இருந்தால் தமிழ் 99 படியுங்கள், உயிரெழுத்துகள் இடது கையிலும் மெய்கள் வலது கையிலும் வரும், ஒரே மெய் இரட்டித்தால் புள்ளியைத் தானே வைத்துக்கொள்ளும், ஒரு வாரத்தில் கை வந்துவிடும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் அது கூடவே வருகிறது. இன்டிசைனில் யூனிகோடு தமிழை வைக்கும்போது கொம்பு இடம் மாறினால் பத்தி அமைப்பில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுங்கள், சிஎஸ்6 முதல் அது தமிழுக்குச் சரியாக வேலை செய்கிறது.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்றால், சிடிப் பெட்டியைத் தொடுவதற்கு முன் அப்பாவோடு ஒரு மத்தியானம் உட்காருங்கள். ஒவ்வொரு சிடியாக எடுத்து, எந்த வருடம், யாருடைய வேலை, அப்போது எந்த ஃபாண்ட் போட்டோம் என்று அவரிடம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். டிடிபிக்காரர்களுக்கு ஃபாண்ட் பெயர் மறக்காது, மலர் அட்டையைக் காட்டினாலே சொல்லிவிடுவார்கள். கிறுக்கலைப் பார்த்து நாம் நாள்கணக்கில் ஊகிப்பதை அவர் ஒரு நிமிடத்தில் முடித்துவிடுவார். முதலில் கும்பாபிஷேக மலரை எடுங்கள், அதில் ஊர் வரலாறு, தலபுராணம், பழைய பாடல்கள் என்று வேறெங்கும் கிடைக்காதவை இருக்கும். கல்யாணப் பத்திரிகைகள் காத்திருக்கலாம். மலரின் ஃபாண்ட் பெயரையும், முதல் இரண்டு வரியில் தெரியும் கிறுக்கலையும் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், மாற்றியில் எந்தத் தெரிவைச் சொடுக்க வேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.